மைமூனின் நோன்பு

சாயங்கால அஸர் தொழுகைக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார் தோப்புப் பள்ளியில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிற மோதினார் கலந்தர் லெப்பை. கடைசி விசிறி முனகி நின்றதும் பள்ளிக்குள் ஓசை அடங்கியது. அந்த அமைதியில்தான் தன் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடப்பது அவருக்குத் தெரிந்தது. ஒட்டட்டும். இனி சூரியன் மறைகிற மஃரிப் வரைக்கும்தான். ஒரு பாங்கிலிருந்து அடுத்த பாங்கு வரைக்கும் மட்டும் பாருங்க, அதுக்கு மேல ஒண்ணையும் நெனைக்காதிய என்பாள் பெண்டாட்டி மைமூன். விடியற்காலைச் சுபுஹிலிருந்து மத்தியான லுஹர் வரைக்கும் நோன்பு பிடித்திருப்பதே தெரியாது. விடியுமுன் சஹர் நேரத்தில் தின்ற சோறு வயிற்றில் கிடக்கும், பாயை உதறி விரிக்கிற வேலை இருக்கும். லுஹரிலிருந்து அஸர் வரைக்கும் தூணோரம் கண்ணை மூடிப் படுத்துத் தள்ளிவிடலாம். அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் கிடக்கிற இந்தத் துண்டுப் பகல்தான் ஆளைப் பார்த்துவிடும். ரமலானாக இருந்தால் ஊரே சேர்ந்து இதை இழுக்கும்; பள்ளிக்குப் பின்னால் கஞ்சி கொதிக்கும், எதிரில் வருகிறவன் முகமும் நம் முகத்தைப் போலவே வாடியிருக்கும், அதுவே ஒரு பலம். இது வெறும் மாசம். தெருமுனை டீக்கடையில் வடை வேகிற வாசம் ஜன்னல் வழியாக வந்து இமாம் நிற்கிற மிஹ்ராப் வரைக்கும் போகிறது. ஊரில் நோன்போடு இருக்கிற ஒரே ஆள் தான்தான் போலிருக்கிறது என்று நினைத்தார். அதுவும் தன்னுடைய நோன்பு இல்லை. மவுத்தாகி மண்ணுக்குள் போன பெண்டாட்டியின் நோன்பு. அவள் பேரில் பாக்கி நிற்கிற ஒரே ஒரு நாள். இரண்டு தடவை பிடிக்கத் தொடங்கி, இரண்டு தடவையும் இந்த நேரத்தில்தான் முறித்தார். இன்றைக்கும் முறிந்தால் மகள் ஷரீபா பிடித்துவிடுவாள், அப்படித்தான் பேச்சு. வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. பீடிக்கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது கைக்குத் தெரியவில்லை. கைக்கு எதுவும் சொல்லித் தெரிவதில்லை. அது பழகினதை மட்டும் செய்கிறது. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கீழே தொங்கவிட்டார்.

அந்தப் பாக்கி எப்படி வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மறைக்கிற மாதிரியான காரியமா அது. ஒலிபெருக்கியில் அல்லவா நடந்தது. ரமலானின் கடைசிப் பத்து நாளில் ஒரு நாள், காலையிலிருந்தே மேகம் மூடிக்கிடந்தது, அஸர் முடிந்ததுமே விளக்குப் போட வேண்டியிருந்தது. முன்வரிசையில் பேரீச்சம்பழத் தட்டுகளை வைத்துவிட்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றார். சட்டைப் பையில் பீடிக்கட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது, சீக்கிரம் சொல்லடா என்று யாரோ விரலால் குத்துகிற மாதிரி. சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தார். பார்த்தார் என்பதுதான் இன்றுவரைக்கும் ஆறவில்லை. பார்க்காமல் சொல்லியிருந்தால் மறதி என்று போயிருக்கும். முள் எங்கே நிற்கிறது என்று கண் சொன்னது. மனசு ஜன்னலைக் காட்டி, இருட்டிருச்சே, இதுக்கு மேல என்ன இருட்டணும் என்றது. விரல் மைக்கைத் தட்டியது. அல்லாஹு அக்பர் என்று சொல்லிவிட்ட பிறகு நிறுத்த முடியுமா. ஊர் அந்தக் குரலுக்காகக் கையில் பழத்தோடு உட்கார்ந்திருந்தது. பாங்கு முடிந்ததும் பழத்தை வாயில் போட்டுக்கொண்டே பள்ளிக்குப் பின்புறம் போய்ப் பற்ற வைத்தார். முதல் இழுப்பு உள்ளே போய் தலை லேசாகச் சுற்றி, உடம்பெல்லாம் இளகி, அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் முணுமுணுத்த நேரத்தில்தான் கடற்கரைப் பள்ளியின் பாங்கு கேட்டது. காற்றில் மிதந்து, நிதானமாக, சரியான நேரத்தில். வாயில் புகையை வைத்துக்கொண்டு விடவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்ற அந்த நிற்பு. மறுநாள் தொழவைக்கிற ஆலிம்சா மிம்பர் மேடைக்குப் பக்கத்தில் நின்று, யார் பேரையும் சொல்லாமல், நேற்று தோப்புப் பள்ளிப் பாங்குக்கு நோன்பு திறந்தவர்கள் விட்டுப்போன நோன்புக்கு ஈடாகப் பெருநாள் கழித்து ஒரு நாள் களா பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். ஊர் திட்டியது, பிறகு சிரித்தது, அப்புறம் அதைப் பேச்சில் சேர்த்துக்கொண்டது. பஸ் நேரத்துக்கு முன்னால் புறப்பட்டுப் போனால், கலந்தர் பாங்கா போயிருச்சுப்பா என்பார்கள். ஆலிம்சா அதற்கு முந்தின வாரம்தான் பயான் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார், ரமலான் மாசத்தில் ஷைத்தான்களுக்கு விலங்கு போட்டுவிடுகிறார்கள் என்று. அப்படியானால் அன்றைக்கு அந்த விரலைத் தூக்கியது யார்? விலங்கு மாட்டி எங்கோ கிடந்தவன் மேல் பழியைப் போட முடியாது. உள்ளே இருந்து பேசிய குரல் அவருடைய சொந்தக் குரல், அவருடைய ஊர்ப் பேச்சு. உள்ளே இருக்கிற அவனுக்கு விலங்கு போடுகிற வேலையை அல்லாஹ் மனுஷனிடமே கொடுத்துவிட்டான்.

ஹவுள் தொட்டியில் தண்ணீர் தளும்புகிற ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தார். மைமூனின் தம்பி காசிம்தான், கூட்டுத் தொழுகைக்குப் பிந்தி வந்து தனியாகத் தொழுதுவிட்டு, காலில் ஒட்டியிருந்த மணலைக் கழுவிக்கொண்டிருந்தான். கடைத்தெருவில் வலைக்கயிறு விற்கிறவன்; எதற்கும் சிரிக்கிறவன். "என்ன மச்சான், ஃபேனையெல்லாம் நிறுத்திட்டிய? ஜமாத்துல கரண்டு பில்லைச் சுருக்கச் சொல்லிட்டாகளா?" என்றான். "ஆளு இல்லாம எதுக்கு ஓடணும்" என்றார். பேசும்போது உதடு வெடித்த இடம் எரிந்தது. "நான் ஒரு ஆளு இல்லையா? சரி வாங்க, டீ சொல்றேன். வடை சூடா இருக்கு, மூக்கு சொல்லுது." "வேணாம் காசிம்." "வேணாமா? லெப்பைக்கு டீ வேணாமா? வயித்துல கோளாறா?" "ஆமா, வயிறு சரியில்ல" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன உடனே நெஞ்சில் ஒரு முள் நின்றது. நோன்பை வெளியே காட்டிப் பெருமை தேடக் கூடாது, சரி. அதற்காக நோன்போடு பொய் சொல்லலாமா? தண்ணீரை விட்டுவிட்டுப் பொய்யை விழுங்கினால் அது என்ன நோன்பு? மைமூனின் நோன்பில் தான் ஓட்டை போடுகிற மாதிரி இருந்தது. "வயிறு நல்லாத்தான் இருக்கு. வேணாம்னு தோணுது, அவ்வளவுதான்" என்றார் திரும்ப. காசிம் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இதுக்குத்தான் சொல்றது, தனியா ஆக்கித் தின்னா மூளை குழம்பிரும்னு. நம்ம வீட்டுக்கு வாங்கன்னா வர மாட்டேங்குறிய." காம்பவுண்டு சுவருக்கு வெளியே போய்க் குத்த வைத்து ஒரு பீடியைப் பற்ற வைத்தான். "ஒண்ணு போடுறியளா?" என்று அங்கிருந்தே கட்டை நீட்டினான். வேண்டாம் என்று தலையாட்டினார். "அடேயப்பா. டீயும் இல்ல, பீடியும் இல்ல. தர்காவுல அடங்குற வலியுல்லாவா ஆயிட்டியளா மச்சான்? முன்னாடியே சொல்லிருங்க, கந்தூரிக்குக் கொடி வாங்கணும்." சிரித்து, சிரிப்பு இருமலாகி, அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புகை சுவரைத் தாண்டி வந்தது. அது அவரை நன்றாகத் தெரிந்த புகை. முகர்ந்து இழுத்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். நடக்கும்போதே, கொஞ்சம் மெதுவாக நடக்கிறோமோ என்று தோன்றி, வேகமாக நடந்தார்.

கைகால் முகம் கழுவி ஒளு எடுத்தால் சரியாகும். அஸருக்கு எடுத்த ஒளு இன்னும் இருக்கிறது, ஆனாலும் எடுக்கலாம். அது மைமூன் கண்டுபிடித்த வைத்தியம். பீடியை விடுங்கள் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. விட்டுவிட்டேன் என்று சத்தியம் பண்ணி மறுநாள் திருட்டுத்தனமாகக் குடிக்கிற ஆளோடு எத்தனை வருஷம் இருந்தவள். ஒரு நாள் அவர் சட்டையைத் துவைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆச வர்றப்ப ஒளு எடுங்க. அதுக்குப் பெறவும் குடிக்கத் தோணுச்சுன்னா குடிங்க, நான் கேக்க மாட்டேன்." "ஒளு எடுத்தா ஆச போயிருமா?" "ஆச போகுதோ இல்லையோ. ஈரக் கையில பீடி நிக்காது. கை காயுற வரைக்குமாச்சும் பொறுப்பியள்ல." அவர் அன்றைக்குச் சிரித்தார். பிறகு செய்து பார்த்தார். கை காய்கிற நேரம் என்பது எவ்வளவு சின்ன நேரம். ஆனால் ஆசை என்பதும் அவ்வளவு நேரம்தான் உச்சியில் நிற்கிறது, அப்புறம் சலித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. முழுசாக விட்டுப் போகாது, திண்டில் சாய்ந்து காத்திருக்கும். அந்த வருஷம் பீடி பாதியாகக் குறைந்திருந்தது. லுஹருக்கும் அஸருக்கும் நடுவில் குடிப்பதை அறவே விட்டிருந்தார். "பாத்தியளா, இன்னும் ஒரு பாங்கு தூரம் போயிட்டிய" என்பாள், யாரோ கடலில் நீந்திப் போகிறவனைக் கரையில் நின்று பார்க்கிற மாதிரி. இன்றைக்கு அஸருக்கு முன்னால் இரண்டு தடவை எடுத்தாயிற்று. படியில் உட்கார்ந்து கையைக் கழுவினார். வாய் கொப்பளிக்கும் இடம் வந்ததும் நிதானித்தார். உள்ளங்கையில் ஏந்திய தண்ணீர் வாய்க்குள் போனவுடன் வாய் முழுக்க அதைப் பற்றிக்கொண்டது. நாக்கு அதை ஒரு குழந்தையை வாங்குவதுபோல வாங்கியது. ஒரு மிடறு. யாருக்குத் தெரியும். காசிமுக்குத் தெரியாது, ஆலிம்சாவுக்குத் தெரியாது, தொண்டைக்குள் இறங்கினதா வெளியே வந்ததா என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது. நோன்பு மட்டும்தான் அப்படி. தொழுதால் நாலு பேர் பார்ப்பார்கள், ஜகாத்து கொடுத்தால் வாங்கினவன் சொல்வான். நோன்பு அல்லாஹ்வுக்கும் உனக்கும் நடுவில் மட்டும். அதனால்தான் முறிப்பதும் இவ்வளவு சுலபமாக இருக்கிறது. துப்பினார். தண்ணீர் கல்லில் பட்டுத் தெறித்தது. போனது அவ்வளவும் வெளியே வந்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி துப்பினார். மறுபடியும். துப்பத் துப்பத் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். போதும். இந்தச் சந்தேகமும் ஒரு சோதனை, ஆளைக் களைக்க வைத்து, போகட்டும் விடு என்று சொல்ல வைக்கிற சோதனை.

பாங்கு முந்திப்போன அந்த ரமலான் நாளில் அவர் வீட்டுக்குத் திரும்பினபோது மைமூன் கஞ்சிக் கோப்பையை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பாங்கு கேட்டதும் நிறுத்திவிட்டாளாம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். ஏதாவது கேட்பாள் என்று நின்றார். அவள் அவர் சட்டையிலிருந்து வந்த வாசத்தை மோந்ததை அவர் பார்த்தார். "கஞ்சி இன்னிக்கி நல்லா இருந்துச்சு" என்றாள். "முன்னாடியே குடிச்சதுனாலயோ என்னவோ." அவ்வளவுதான். பெருநாள் கழிந்ததும் சொன்னாள், ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு நாள் புடிச்சிருவோம். வெயில் தாழட்டும் என்றார். வெயில் தாழ்ந்தது. மழை விடட்டும், பகல் இன்னும் சுருங்கட்டும் என்றார். அவள் மட்டும் பிடித்திருக்கலாம். தெருவில் பெண்கள் எல்லாம் அவரவர் பிடித்து முடித்துவிட்டார்கள். "நான் தனியாப் புடிச்சிட்டா நீங்க அப்புறம் புடிக்க மாட்டிய. எனக்குத் தெரியாதா உங்களை?" ஒரு வியாழக்கிழமை சஹருக்கு எழுப்பினாள். சோறும் புளிக்குழம்பும் சூடாக்கி, விளக்கைச் சின்னதாகப் போட்டு, தோளைத் தொட்டு எழுப்பினாள். அவர் புரண்டு படுத்து, இன்னிக்கி வேணாம், உடம்பு முடியல, அடுத்த வாரம் என்றார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. முந்தின ராத்திரி புதுக் கட்டு வாங்கியிருந்தார், அவ்வளவுதான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பிறகு சோற்றை மூடி வைத்த ஓசை கேட்டது. அடுத்த வியாழனுக்கு முன்னால், சுபுஹு தொழுது முஸல்லா விரிப்பில் உட்கார்ந்தவாக்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். அவர் பள்ளியில் இருந்தார். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனபோது அதன் முன்காலைத் தோளில் தாங்கி நடந்தவருக்கு அழுகை வரவில்லை. பாக்கி, பாக்கி, பாக்கி என்று காலடி ஒவ்வொன்றும் சொல்வது மட்டும் கேட்டது. எதையும் பாக்கி வைக்காத பொம்பளையைப் பாக்கியோடு மண்ணுக்குள் அனுப்புகிறோம்.

ஆலிம்சாவிடம் போய்க் கேட்டார். நம்ம மத்ஹபுச் சட்டத்துல சொந்தக்காரங்க அவங்களுக்காகப் புடிக்கலாம் லெப்பை, மக புடிக்கிறது நல்லது, நீங்க புடிக்கிறதா இருந்தா மககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க என்றார் ஆலிம்சா. ஷரீபா திருச்சியிலிருந்து போனில், "நானே புடிச்சிர்றேன் வாப்பா, ஒரு நாள்தானே" என்றாள். "இல்ல புள்ள. அது நான் வச்ச பாக்கி. நான்தான் கழிக்கணும்." "சரி, புடிங்க. ஆனா சீக்கிரம் புடிங்க." அதிலிருந்து போன் எடுத்தாலே, சாப்பிட்டியளா என்பதற்கு முன்னால், புடிச்சிட்டியளா என்றுதான் கேட்பாள். நேற்று அவள் சிரிக்கவில்லை. "வாப்பா, நாளைக்கி ஒரு நாள் பாப்பேன். முடியலன்னா நான் புடிச்சிருவேன், உங்ககிட்ட கேக்க மாட்டேன். உம்மா அங்க எம்புட்டு நாளைக்கி காத்துக்கிட்டிருப்பா?" பெண்களுக்கு இந்த மாதிரி ஒரு வாக்கியம் எங்கிருந்து வருகிறது. அவர் போனைப் பிடித்துக்கொண்டு, காத்துக்கிட்டிருப்பா, காத்துக்கிட்டிருப்பா என்று அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அந்தச் சொல் தனக்கு வலிக்கிறதா இனிக்கிறதா என்று தெரியாமல் நின்றார்.

தன்னுடைய களாவை அவர் பிடித்து முடித்துவிட்டார். அதுதான் புரியவில்லை. மைமூன் போன அடுத்த மாசமே, யாரும் எழுப்பாமல் எழுந்து, பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத்து வைத்து, மஃரிப் வரைக்கும் ஒரு மடக்கு எச்சிலைக்கூடக் கணக்குப் பார்த்து விழுங்கி, முடித்துவிட்டார். பீடி அன்றைக்கும் ஞாபகம் வந்தது, ஒளு எடுத்தார், போய்விட்டது. பிறகு அவளுடையதைப் பிடித்தார். முதல் தடவை அஸருக்குப் பிறகு வீட்டுக்குப் போனவர் அலமாரி மேலே இருந்த கட்டை எடுத்து, இன்னொரு நாள் புடிச்சுக்குவோம் என்று சொல்லிக்கொண்டே பற்ற வைத்தார். இரண்டாம் தடவை டீக்கடை வாசலில் பேச்சுவாக்கில் கடைக்கார மஸ்தான் டீயை நீட்ட, கை வாங்கி, வாய் பாதி குடித்துவிட்டது. மறந்து குடித்தால் முறியாது. அல்லாஹ் ஊட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பாதியில் ஞாபகம் வந்தது. கிளாஸைக் கீழே வைத்திருந்தால் நோன்பு அப்படியே நின்றிருக்கும். மஸ்தான் முகத்தையும், கிளாஸில் மிச்சம் இருந்த டீயையும் பார்த்தார். அப்புறம் ஒரு மிடறு குடித்தார். முதல் பாதி மறதியுடையது. அந்த ஒரு மிடறு மட்டும் அவருடையது. ஏன் குடித்தார்? தாகம் இல்லை, பாதி டீ உள்ளே போயாயிற்று. ஆசையும் இல்லை. தன்னுடையதை முடிக்கத் தெரிந்தவனுக்கு அவளுடையதை ஏன் முடிக்கத் தெரியவில்லை? அவள் மேல் அக்கறை அவ்வளவுதானா? நினைப்பு இங்கே வந்து ஒவ்வொரு தடவையும் தட்டி நின்றுவிடுகிறது, வலை பாறையில் மாட்டிக்கொண்ட மாதிரி. இழுத்தால் கிழிகிறது, விட்டால் மூழ்குகிறது. ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டைகளின் நிழல் சுவரேறிப் போய் மங்கியிருந்தது. காசிமின் புகை ஓய்ந்திருந்தது. விளக்குகளைப் போட்டார். சுவரில் இப்போது சிவப்பு எண்கள் எரிகிற கடிகாரம். அந்த ரமலானுக்குப் பிறகு ஜமாத்தில் வாங்கி மாட்டினது. அதைப் பார்க்க அவருக்குக் கூச்சம்.

நேரம் வந்தது. எண்கள் மாறினதைப் பார்த்தார். மைக்குக்கு முன்னால் நின்றார், இரண்டு கையையும் காதருகே கொண்டுபோனார். முதல் வார்த்தை தொண்டையில் வந்து நின்றது. சொன்னால் முடிந்துவிடும். சொல்லவில்லை. எண்கள் இன்னொரு தடவை மாறின. கடற்கரைப் பள்ளியிலிருந்து பாங்கு கிளம்பி வந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். இன்று விடியலுக்கு முன்னால் எழுந்தது ஞாபகம் வந்தது. இருட்டில் அடுப்பைப் பற்ற வைத்து, சோற்றைச் சூடாக்கி, அவள் போட்ட மாதிரியே விளக்கைச் சின்னதாகப் போட்டு, அவள் பேரைச் சொல்லி நிய்யத்து வைத்தது. விடிந்தால் மைமூனுடைய களா நோன்பைப் பிடிக்கிறேன். மைமூன். வேறு எந்தக் காரியத்துக்காக அந்தப் பேரை இனிமேல் வாய்விட்டுச் சொல்ல முடியும்? ரேஷன் கார்டில் எடுத்துவிட்டார்கள். காசிம் லாத்தா என்கிறான், ஷரீபா உம்மா என்கிறாள். அவர் மட்டும்தான் மைமூன் என்று சொல்கிறவர், அதையும் இந்த நோன்புக்கு மட்டும்தான் சொல்கிறார். முறித்த இரண்டு நாளும் வெட்கத்தில் குறுகிப்போனார், அது நிஜம். வெட்கத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. இன்னும் ஒரு தடவை எழுந்திருக்கலாம். இன்னும் ஒரு தடவை அவளுக்காகச் சோறு சூடாக்கலாம். அவள் தன்னிடம் கேட்க இன்னும் ஒன்று இருக்கிறது, கொடுக்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது, அதுவரைக்கும் அவள் முழுசாகப் போகவில்லை. பீடியைக் காட்டினான் உள்ளே இருக்கிற அவன். கை ஒன்று நீண்டு பீடியைக் காட்ட, இத்தனை நாளும் பீடியையே பார்த்துக்கொண்டு ஒளு எடுத்துக்கொண்டிருந்தார். உண்மையான ஆசை பின்னால் நின்றுகொண்டிருந்தது, அழுத முகத்தோடு, பிரியத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு. அதை ஆசை என்றே அவருக்குத் தெரியவில்லை. அவளைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காக அவள் கழுத்தில் பாக்கியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அங்கே, மண்ணுக்கடியில், எதையும் தள்ளிப்போடாதவள் காத்துக்கொண்டிருக்க, இங்கே அவர் அந்தக் காத்திருப்பைச் சூடாக்கித் தின்றுகொண்டிருந்திருக்கிறார். "மச்சான்!" என்று பின்னால் காசிமின் குரல். முன்வரிசையில் நாலைந்து பேர் வந்துவிட்டிருந்தார்கள். "அவுக பள்ளில சொல்லி முடிக்கப் போறாக. முன்னாடி சொல்லித்தான் பேரு வாங்குனிய, இப்ப பிந்திச் சொல்லியும் வாங்கணுமா?" யாரோ சிரித்தார்கள். ஆலிம்சா சிரிக்கவில்லை, அவர் பக்கம் வந்து, "லெப்பை, உடம்பு முடியலையா? நான் சொல்லட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்ல ஹஜ்ரத். சொல்றேன்" என்றார். சொன்னார். அல்லாஹு அக்பர் அல்லாஹு அக்பர் என்று சொல்லும்போது குரல் கரகரத்து இரண்டாகப் பிரிந்தது, பிறகு சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு வாசகத்துக்கும் நடுவில் எப்போதையும்விடக் கொஞ்சம் கூடுதலாக நின்றார். அவருக்கு அதற்கு மேல் உரிமை இல்லை. வெற்றியின் பக்கம் வாருங்கள் என்கிற இடத்தில் வலமும் இடமுமாக முகத்தைத் திருப்பினபோது ஜன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டியிருந்தது. லாயிலாஹ இல்லல்லாஹ் என்று முடித்தார். மைக்கை அணைத்தார். ஹவுளுக்குப் பக்கத்துக் குழாயில் குவளையைப் பிடித்து, பிஸ்மி சொல்லி, தண்ணீர் குடித்தார். குளிர்ந்த தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்குவது தெரிந்தது. அவ்வளவுதான் அது. ஒரு குவளைத் தண்ணீர். காசிம் அவர் குடிக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன், திடீரென்று சிரிப்பை நிறுத்தினான். "நோன்பா?" என்றான். தலையசைத்தார். "லாத்தாவோடதா?" அதற்கும் தலையசைத்தார். காசிம் குவளையை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி நிறைத்துக் கொடுத்தான்.

தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். துஆவுக்குக் கை ஏந்தினார். யா அல்லாஹ், இதை மைமூனுடைய பேரில் ஏற்றுக்கொள் என்றார். ஏந்தின கையை முகத்தில் தடவிக்கொண்டார். மடியில் போன் அதிர்ந்தது. "வாப்பா, முடிஞ்சிச்சா?" என்றாள் ஷரீபா. "முடிஞ்சிச்சு." அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடுகிற சத்தம். "அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ் வாப்பா. எனக்கு மத்தியானத்துலேருந்து சோறு எறங்கல தெரியுமா? என்ன தின்னிய? காசிம் மாமு வீட்டுக்குப் போங்க, மாமிகிட்ட நான் சொல்லிட்டேன், கோழி ஆக்குறாங்க. பேசாம இருக்கிய? அழுறியளா?" "இல்ல." "உம்மாவுக்கு இப்ப பாரம் எறங்கியிருக்கும் வாப்பா." "ம்." விளக்கு வெளிச்சத்தில் விரித்த பாய்கள் நீளமாகக் கிடந்தன. ராத்திரி இஷா தொழுகை வரைக்கும் யாரும் வர மாட்டார்கள். "புள்ள" என்றார். "சொல்லுங்க வாப்பா." "உம்மாவுக்கு வேற ஏதும் களா நிக்குதா? நீங்கள்லாம் பொறந்த வருசத்துல, காச்சல்ல கெடந்த வருசத்துல... பொம்பளைங்களுக்கு வருசா வருசம் கொஞ்சம் விட்டுப்போகும்ல. உன்கிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பா." "உம்மாவுக்கா?" ஷரீபா லேசாகச் சிரித்தாள். "நல்லாக் கேட்டிய. உம்மா பெருநாள் வர்ற ஷவ்வால் மாசம் முடியுறதுக்குள்ள அத்தனையும் புடிச்சு முடிச்சிருமே, நாங்க பலகாரம் தின்னுக்கிட்டிருப்போம், அது மட்டும் சும்மா உக்காந்திருக்கும். ஒண்ணுகூட நிக்காது வாப்பா. உங்களுக்காக நிறுத்தி வச்ச அந்த ஒண்ணுதான்." அவர் போனைக் காதில் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நல்லா யோசிச்சுப் பாரு புள்ள" என்றார்.